ஆய்வாளர்களுக்கு இன்னொரு வாசல்

ஆசிரியருக்கு,

உதவிப் பேராசிரியர் பணிக்கு நெட் (தேசியத் தகுதித் தேர்வு) அல்லது செட் (மாநிலத் தகுதித் தேர்வு) தேர்ச்சியே போதும், முனைவர் பட்டம் கட்டாயமில்லை என்று 2023 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பல்கலைக்கழக மானியக் குழு விதி பற்றிய தங்கள் தலையங்கம் கண்டேன். கல்லூரி வேலை ஒன்றையே நம்பி அரசியல் அறிவியலில் ஆய்வுக்குச் சேரும் போக்கு இனியேனும் மாற வேண்டும். கிராம சபைகளைப் பற்றி ஆறு ஆண்டுகள் ஆய்வு செய்த நான், தீர்மானப் பதிவேடுகளைப் புரட்டிப் புரட்டியே, எந்தத் தீர்மானம் எந்த மேசையில் கிடப்பில் விழும் என்று ஊராட்சிச் செயலர் அளவுக்குச் சொல்லக் கற்றேன். நேர்காணலிலோ செட் சான்றிதழை மட்டுமே கேட்டார்கள் (நல்லவேளை, அது கைவசம் இருந்தது).

சட்டமன்ற நூலகம், மாநிலத் தேர்தல் ஆணையம், ஊராட்சிப் பிரதிநிதிகளுக்கான பயிற்சி நிலையங்கள் ஆகியவற்றில் ஆய்வு அலுவலர் பணியிடங்களை உருவாக்கி, இத்துறை முனைவர்களுக்கு முன்னுரிமை வழங்க அரசு முன்வர வேண்டும்.