ஹெல்மெட் விற்கும் இடத்தில் சோதனை செய்யுங்கள்

சாலைப் பாதுகாப்புப் பொறுப்பில் இருக்கும் காவல், போக்குவரத்துத் துறை அதிகாரிகளுக்கு,

வணக்கம். போன மாதம் என் தம்பி பைக்கோடு சறுக்கி விழுந்தான். ஜல்லி சிதறிக் கிடந்த திருப்பம் அது. ஆஸ்பத்திரியில் எல்லோரும் கேட்ட முதல் கேள்வி, "ஹெல்மெட் போடலையா?" போட்டிருந்தான், நாடாவும் மாட்டியிருந்தான். முகம் முழுக்க மூடும் மாடல். விழுந்ததும் நாடா பிய்ந்து அது உருண்டு போய்விட்டது. மறுநாள் தேடி எடுத்தோம். ஓடு பிளந்திருந்தது. அடியைத் தாங்க வேண்டிய கெட்டித் தெர்மாகோல் உள்ளே இல்லை. மெல்லிய ஸ்பான்ஜும் துணியும்தான். பின்பக்கத்து ஐஎஸ்ஐ ஸ்டிக்கர் நகம் பட்டதும் உரிந்து வந்தது. சாலையோரத்தில் குவித்துவைத்து 250 ரூபாய்க்கு விற்றது.

தாடை இரண்டு இடத்தில் முறிந்து, பல்லோடு பல்லைக் கம்பியால் கட்டியிருக்கிறார்கள். கேழ்வரகுக் கஞ்சியைக்கூட வடிகட்டி ஸ்ட்ராவில்தான் கொடுக்கிறோம். "அப்பா ஏன் பேச மாட்டேங்குறாரு, அத்தை?" என்று அவனுடைய மூன்று வயது மகள் தினமும் கேட்கிறாள்.

அந்த ஹெல்மெட்டோடு எத்தனை சோதனைகளைத் தாண்டியிருப்பான்! தலையில் ஒன்று இருக்கிறது என்று பார்த்து அனுப்பிவிட்டீர்கள். போடாதவருக்கு 1,000 ரூபாய் அபராதம், மூன்று மாதம் லைசென்ஸ் முடக்கம் என்கிறது சட்டம். அது வேண்டும்தான். ஆனால் ஐஎஸ் 4151 தரத்துக்கான ஐஎஸ்ஐ முத்திரை இல்லாத ஹெல்மெட்டை 2021 ஜூன் 1 முதல் தயாரிக்கவோ விற்கவோ கூடாது என்பதும் சட்டம்தானே? வாங்கியவனை மறிக்கிறீர்கள். விற்றவனிடம் ஏன் போகவில்லை?

தம்பியைப் பார்க்க வருகிறவர்கள், "போட்டும் இப்படித்தானே ஆச்சு, அப்புறம் எதுக்கு?" என்கிறார்கள். எனக்குப் பயமாக இருக்கிறது. ஹெல்மெட் அணிந்தால் இறக்கும் அபாயம் சுமார் 42 சதவீதமும் தலைக்காயம் சுமார் 69 சதவீதமும் குறைவதாக ஆய்வுகளின் தொகுப்பு சொல்கிறது. போலிகள் அந்த நம்பிக்கையையே கெடுக்கின்றன.

அந்தத் திருப்பத்தில் ஜல்லி இன்னும் கிடக்கிறது. சாலையைத் தோண்டியவர்கள் ஒரு துறை, மூட வேண்டியவர்கள் இன்னொரு துறை என்கிறார்கள். இரண்டு இடத்திலும் மனு கொடுத்துவிட்டேன், யாரும் வரவில்லை. உங்களிடம் கேட்க வந்தது அதையல்ல.

தயவுசெய்து கடைகளிலும் சாலையோரத்திலும் சோதனை செய்து போலிகளைப் பறிமுதல் செய்யுங்கள். வண்டியை நிறுத்தும்போது முத்திரையையும் நாடாவையும் பாருங்கள். விற்கும் இடத்துக்கே போங்கள் என்பதுதான் என் பணிவான வேண்டுகோள். உடைந்த ஹெல்மெட் எங்கள் வீட்டில் இருக்கிறது. கூப்பிட்டால் எடுத்து வருகிறேன்.

இப்படிக்கு,
அடிபட்டவனின் அக்கா