சாமான் கொட்டகைக்கு ஜன்னல் எதற்கு?

அன்புள்ள பாப்பாவுக்கு,

படங்கள் வந்தன. கொட்டகையின் வரைபடமும் வந்தது. காற்றில் சாய்ந்த மரத்தை விறகுக்குத் தள்ளிவிடாமல் நீயே பலகையாக அறுத்துவிட்டாய் என்று அம்மாவிடம் சொன்னபோது அவள் ஒன்றும் பேசவில்லை. சாயங்காலம் பார்த்தால் போனில் அத்தையிடம் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தாள், என்னவோ தானே கற்றுக்கொடுத்தது போல. எனக்கும் பெருமைதான். செயின் சாவைச் சட்டத்தில் மாட்டி அடிமரத்தை நீளவாக்கில் அறுப்பது லேசுப்பட்ட வேலை இல்லை. ஒவ்வொரு வெட்டுக்கும் 8 மில்லிமீட்டர் போலத் தூளாகவே போய்விடும். பேண்ட் சா என்றால் 2 மில்லிமீட்டரோடு முடிந்திருக்கும். பரவாயில்லை, கையில் இருப்பதை வைத்துத்தானே செய்ய முடியும். பலகையின் முகத்தில் ரம்பம் போன வரிகள் தெரிகின்றன. அதை இழைத்துவிடாதே. வெளிச்சுவருக்கு அந்தச் சொரசொரப்புதான் நல்லது, பின்னால் எண்ணெய் பூசும்போது நன்றாகக் குடிக்கும்.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். தனியாகத் தூக்காதே. பச்சைப் பலகையும் காய்ந்த பலகையும் ஒன்றில்லை. சில மரங்களில் மரத்தின் எடையைவிட உள்ளே நிற்கும் தண்ணீரின் எடை அதிகம். காய்ந்த எடையோடு ஒப்பிட்டுத்தான் ஈரத்தைச் சொல்வார்கள், அதனால்தான் 100 சதவிகிதத்துக்கு மேல் என்றெல்லாம் கணக்கு வருகிறது. மெலிசாகத்தானே இருக்கிறது என்று கை வைத்தால் இடுப்பு போய்விடும். உனக்கு ஏற்கெனவே அந்த இடுப்பு.

காயவைக்க நேரமில்லை, உடனே கட்டியாக வேண்டும் என்று எழுதியிருக்கிறாய். ஏன் உடனே என்று எழுதவில்லை. ஓர் அங்குல கனமுள்ள பலகை நிழலில் காற்றாடக் காய ஏறக்குறைய ஒரு வருடம் என்பது பழைய கணக்கு. மரத்தையும் காற்றையும் பொறுத்துக் கொஞ்சம் முன்னே பின்னே ஆகும். அவ்வளவு நாள் பொறுக்க முடியாது என்றால் சரி, பச்சையாகவே கட்டு. ஐரோப்பாவில் பல நூறு வருடமாக நிற்கிற ஓக் மரச்சட்ட வீடுகளும் களஞ்சியங்களும் பச்சை மரத்தில் செதுக்கி நிறுத்தியவைதான். காய்ந்துவிட்டால் ஓக்கில் உளி இறங்குவது பெரும்பாடு. ஆகவே அவசரத்தில் கட்டுவது ஒன்றும் குற்றமில்லை. மரம் சுருங்கப் போகிறது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டு கட்ட வேண்டும், அவ்வளவுதான்.

அந்தச் சுருக்கம் உடனே கண்ணில் படாது. பச்சை மரத்தில் தண்ணீர் இரண்டு இடத்தில் இருக்கிறது, நுண்ணறைகளின் குழிக்குள்ளும் அவற்றின் சுவருக்குள்ளும். குழியில் நிற்பதுதான் முதலில் போகும். அது போகும்வரை எடை குறையும், அளவு குறையாது. ஈரம் ஏறக்குறைய 30 சதவிகிதத்துக்குக் கீழே இறங்கின பிறகுதான் சுவரில் ஊறியது வெளியேறும், அப்போதுதான் பலகை சுருங்க ஆரம்பிக்கும். கட்டிச் சில வாரம் ஆகியும் ஒன்றும் ஆகவில்லையே, அப்பா சும்மா பயமுறுத்தினார் என்று நினைத்துவிடாதே. நீளத்தில் சுருக்கம் இல்லை என்றே சொல்லலாம், அகலத்தில்தான் எல்லாம். பத்து அங்குலப் பலகை கால் அங்குலம் முதல் அரை அங்குலம் வரை உள்வாங்கும். பலகையின் முனையைத் திருப்பிப் பார், வளையங்கள் வில்லாக வளைந்திருக்கும். காயும்போது அந்த வளையங்கள் நிமிரப் பார்க்கும், அதனால் பட்டைப் பக்கம் குழியும். எது எப்படி வளையும் என்று அறுத்த அன்றே சொல்லிவிடலாம். நடுத்தண்டு ஓடுகிற பலகை நிச்சயம் வெடிக்கும். அதைச் சுவருக்கு வைக்காதே, துண்டாக்கி வேறு எதற்காவது வைத்துக்கொள்.

இப்போது ஆணி. மூன்றாவது படத்தில் இடது ஓரத்துப் பலகையில் இரண்டு ஓரத்திலும் ஆணி அடித்திருக்கிறாய். ஒரு பக்கத்து ஆணியைப் பிடுங்கிவிடு. இதைப் படித்தவுடன் போய்ப் பிடுங்கு. அகலமான பச்சைப் பலகை இரண்டு ஆணிகளுக்கு நடுவே சுருங்க முயலும், ஆணி விடாது, கடைசியில் நட்டநடுவே மேலிருந்து கீழ்வரை பிளந்துகொள்ளும். அண்ணன் வீட்டுப் பின்கதவைப் பார்த்திருக்கிறாய் அல்லவா? பலகைகளை ஒன்றோடொன்று நெருக்கி நெட்டுக்கு நிறுத்து. ஒவ்வொரு குறுக்குச் சட்டத்திலும் பலகையின் நடுவில் ஒரே ஓர் ஆணி. இரண்டு ஓரமும் தன் போக்கில் உள்ளே வரட்டும். பலகைகளுக்கு நடுவே விழும் சந்தை மேலே மூடுகிற மெல்லிய மரச்சட்டம், அந்த ரீப்பரை இப்போதே அடிக்காதே. பலகைகள் சுருங்கிச் சந்து திறந்த பிறகு அந்தச் சந்தின் வழியாக ஆணி இறங்கிப் பின்னால் உள்ள சட்டத்தைப் பிடிக்க வேண்டும். பலகையைத் தொடக் கூடாது. தொட்டால் பழைய கதைதான்.

வழவழப்பான ஆணி பச்சை மரத்தில் சுலபமாக இறங்கும், மரம் காய்ந்ததும் பிடி தளர்ந்து வெளியே எட்டிப் பார்க்கும். வரியோடிய ஆணியாக வாங்கு, துத்தநாகம் பூசியதாக இருக்கட்டும். இரும்பு ஆணி துவர்ப்புள்ள மரத்தில் கருப்பாகக் கறை வடியும்.

உன் வேலையில் எனக்குப் பிடித்தது அடித்தளம். கல்லின் மேல் சட்டத்தை ஏற்றி, மண்ணுக்கும் மரத்துக்கும் நடுவே ஒரு சாண் விட்டிருக்கிறாய். நான் சொல்லாமலே செய்திருக்கிறாய். தாத்தா பார்த்திருந்தால் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டார், அவருக்கு அதுதான் பாராட்டு. ஆனால் கீழ்ச்சட்டத்தின் ஒரு விளிம்பில் பட்டை ஒட்டிக்கொண்டிருக்கிறது. அழகுக்காக விட்டாயோ என்னவோ, அதைச் செதுக்கி எடு. பட்டைக்கு அடியில்தான் வண்டு குடியேறும். வெளிவட்டத்து வெள்ளை மரமும் அதற்குப் பிடித்த தீனி. கீழே வருகிற சட்டம் எல்லாம் வைரம் பாய்ந்த பகுதியாக இருக்கட்டும், வெள்ளையை மேலே எங்காவது போட்டுக்கொள்ளலாம்.

உத்திரத்துக்கு நடுவில் ஒரு முட்டுக் கொடு. பச்சை உத்திரம் பாரத்தோடு காய்ந்தால் காய்ந்த வளைவிலேயே நின்றுவிடும், பிறகு எந்த ராஜா வந்தாலும் நிமிராது. நன்றாகக் காய்ந்தபின் அந்த முட்டுக்கட்டையை எடுத்துக்கொள்ளலாம். மிச்சப் பலகைகளை அடுக்கும்போது நடுவே ஒரே கனத்தில் குச்சி வை. மேல் குச்சியும் கீழ்க் குச்சியும் ஒரே நேர்கோட்டில் வரவேண்டும், இல்லாவிட்டால் பலகை அலையாகிவிடும். முனைகளில் பெயின்டைத் தடவிவிடு, அங்கேதான் ஈரம் வேகமாக ஓடி வெடிப்பு விழும். மேலே தகரம், அதன்மேல் கல், பக்கங்களைத் திறந்து விடு.

தூக்குகிற விஷயம் மறுபடியும். படங்கள் எல்லாவற்றிலும் பலகையின் ஒரு முனையில் நீ இருக்கிறாய், மறுமுனை ஒரு டிரம்மின் மேல் இருக்கிறது. படங்களும் கோணலாக இருக்கின்றன, போனை எதன்மேலோ சாய்த்து வைத்து எடுத்திருக்கிறாய். மாப்பிள்ளைக்கு வேலை அதிகம் போலிருக்கிறது. நாங்கள் விசாரித்ததாகச் சொல். முன்னெல்லாம் அவர் தாமாகவே ஞாயிற்றுக்கிழமை கூப்பிடுவார். வேலைதான் இருக்கும்.

நீயும்தான் கூப்பிடுவதில்லை. இத்தனை படம் அனுப்பத் தெரிந்தவளுக்கு நாலு வார்த்தை எழுதக் கை வரவில்லை. எழுதியதில் பாதி திருகாணி அளவு. அம்மா உன் கடிதத்தை என்னிடமிருந்து வாங்கிப் பார்த்துவிட்டு, "இவ்வளவுதானா?" என்று பின்பக்கத்தைத் திருப்பினாள். சின்ன வயதிலேயே நீ அப்படித்தான். கையில் அடிபட்டால் வீட்டில் யாரிடமும் சொல்லாமல் நேராகப் போய் எதையாவது அறுக்க உட்கார்ந்துவிடுவாய். அந்த மஞ்சள் அலமாரி எப்படி வந்தது என்று எனக்குத் தெரியாது என்றா நினைக்கிறாய்? நல்ல அலமாரி, இன்றைக்கும் அதன் இழுப்பறை சிக்குவதில்லை.

இங்கே எல்லோரும் சௌக்கியம். தம்பி வேலை மாறிவிட்டான், விவரம் அவனே எழுதுவான். உன் அறையில் தன் சைக்கிளை வைக்கப் பார்த்தான், நான் விடவில்லை. அது காலியாகத்தான் இருக்கிறது.

வரைபடத்துக்கு வருகிறேன். சாமான் வைக்கிற கொட்டகை என்று மேலே எழுதியிருக்கிறாய். கிழக்குச் சுவரில் ஜன்னல் போட்டிருக்கிறாய். சரி, வெளிச்சத்துக்கு என்று வைத்துக்கொள்வோம். ஜன்னலை ஒட்டிச் சுவரோரமாக ஆறரை அடி நீளத்துக்கு ஒரு மேடை, முழங்கால் உயரத்தில். சாமான் அடுக்குவதற்கு அவ்வளவு தாழ்வாக யாரும் தட்டு போட மாட்டார்கள். கதவுக்குத் தாழ்ப்பாள் இரண்டு, ஒன்று உள்பக்கம். மண்வெட்டிக்கும் பெயின்ட் டப்பாவுக்கும் உள்தாழ்ப்பாள் எதற்கு?

மரத்துக்காகத்தான் கேட்கிறேன். ஏனென்றால் கட்டுகிற முறையே மாறிவிடும். சாமான் என்றால் சந்து திறந்து, காய்ந்து, ரீப்பர் அடிக்கும்வரை சாரல் உள்ளே வந்தாலும் ஒரு தார்ப்பாயைப் போட்டு மூடினால் போதும். தரைப்பலகைகளுக்கு நடுவே விரல் நுழைகிற சந்து விழுந்தாலும் ஒன்றும் கெடாது. ஆள் என்றால் அப்படி விட முடியாது. தரைக்குக் கீழே ஓர் அடுக்கு வேண்டும், மேலடுக்கு காய்ந்த பலகையாக இருக்க வேண்டும். சுவருக்கு உள்பக்கம் இன்னொரு பலகை அடிக்கலாம், ஆனால் இப்போது அடித்தால் ஈரம் நடுவில் மாட்டிக்கொண்டு பூஞ்சை பிடித்துவிடும். மாய்ஸ்சர் மீட்டரின் ஊசியைக் குத்திப் பார்த்து 20 சதவிகிதத்துக்குக் கீழே வந்தபின்தான் உள்பக்கத்தை மூட வேண்டும். இத்தனை பச்சை மரமும் காய்ந்து முடிகிறவரை உள்ளே ஈரக்காற்றுதான் நிற்கும். கூரைக்கு அடியில் இரண்டு பக்கமும் காற்று போக வழி விடு. அதற்குள் யாரும் படுக்கக் கூடாது. உனக்குக் குளிர்காற்று ஆகாது என்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

கூரை ஏற்றுகிற நாளைச் சொல், வருகிறேன். உத்திரத்தை ஓர் ஆளாக ஏற்ற முடியாது, அதில் பேச்சே இல்லை. அம்மாவும் வருகிறேன் என்கிறாள், அவளைத் தடுக்க என்னால் ஆகாது. வந்தால் வேலையைத்தான் பார்ப்போம், வேறு எதையும் கேட்க மாட்டோம். அவள் கேட்டாலும் கேட்பாள், நான் கேட்க மாட்டேன்.

சாமானுக்கா, ஆளுக்கா என்று மட்டும் ஒரு வரி எழுது. சாமானுக்கு என்றால் மூன்று அங்குல ரீப்பர் போதும். ஆளுக்கு என்றால் நாலு அங்குலம் வேண்டும், சந்துக்கு இரண்டு பக்கமும் நன்றாக ஏறி உட்கார வேண்டும். பதில் வரும்வரை ரீப்பரை அறுக்காதே.

அன்புடன்,
அப்பா