'ஆக்ஸிபென்சோன் இல்லை' என்று அச்சிட்டு விற்ற சன்ஸ்கிரீன் குறித்துப் புகார்

பெறுநர்: வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

ஐயா / அம்மா,

போன மாதம் மதுரையில் ஒரு மருந்துக்கடையில் உங்கள் சன்ஸ்கிரீன் ட்யூப் ஒன்றை 499 ரூபாய்க்கு வாங்கினேன். முன்பக்கத்தில் பச்சை எழுத்தில் 'ஆக்ஸிபென்சோன் இல்லை' என்று போட்டிருந்தது. வாங்கியதே அதற்காகத்தான். ஆக்ஸிபென்சோன் என்பது வெயிலைத் தடுக்க சன்ஸ்கிரீனில் சேர்க்கும் ஒரு ரசாயனம்; அதைத் தடவிக்கொண்டு வெயிலில் போனால் எனக்கு அலர்ஜி வரும் என்று தோல் மருத்துவர் மூன்று வருடத்துக்கு முன்பே சோதித்துச் சொல்லியிருக்கிறார்.

நான்காம் நாள் கழுத்திலும் இரண்டு கைகளிலும் சிவந்து தடித்து ஒரே அரிப்பு. கடிகாரப் பட்டைக்கு அடியில் மட்டும் ஒன்றுமில்லை. க்ரீம் அங்கேயும் தடவியிருந்தேன், வெயில்தான் படவில்லை. சந்தேகம் வந்து, ட்யூபின் மடிப்போரம் இருந்த பொடி எழுத்தை மொபைலில் படமெடுத்துப் பெரிதாக்கிப் பார்த்தேன். 'பென்சோஃபீனோன்-3' என்று இருந்தது. ஆக்ஸிபென்சோனுக்கு இன்னொரு பெயர் அது! உட்பொருள் பட்டியலில் அந்தப் பெயரில் போடுவதுதான் வழக்கம், அதில் தவறில்லை. முன்பக்கத்தில் இருப்பதுதான் பொய்.

உங்கள் சேவை மையத்தில் பேசிய தம்பி, "அது அனுமதிக்கப்பட்ட பொருள்தான் மேடம்" என்றார். சரி, நான் இல்லை என்று சொல்லவில்லையே. சன்ஸ்கிரீனே விஷம் என்று வாட்ஸ்அப்பில் வருவதை நம்புகிற ஆளும் நான் இல்லை. ஆனால் 2019இல் அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ., இப்படி வெயிலைத் தடுக்கச் சேர்க்கும் பொருள்களில் ஜிங்க் ஆக்ஸைடு, டைட்டானியம் டை ஆக்ஸைடு இரண்டை மட்டும் பாதுகாப்பானவை என்று ஏற்க முன்மொழிந்துவிட்டு, ஆக்ஸிபென்சோன் உட்பட 12 பொருள்களுக்குக் கூடுதல் ஆய்வு விவரம் கேட்டது. தோல் வழியாக அது ரத்தத்தில் கலப்பதும் அவர்கள் நடத்திய ஆய்வில் தெரிந்தது. 2022இல் ஐரோப்பிய ஒன்றியம், உடம்பு முழுக்கத் தடவும் க்ரீமில் அதன் அளவை 6 சதவீதத்திலிருந்து 2.2 ஆகக் குறைத்தது. உங்கள் ட்யூபில் எத்தனை சதவீதம் என்றே போடவில்லை. வேண்டாம் என்று ஒதுக்குபவர்கள் இருக்கிறார்கள் என்று தெரிந்துதானே 'இல்லை' என்று அச்சிட்டீர்கள்?

ட்யூபின் விலையையும் மருத்துவருக்கும் மருந்துக்கும் ஆன 1,150 ரூபாயையும் திருப்பித் தர வேண்டும். இந்த பேட்ச் சரக்கைக் கடைகளிலிருந்து எடுத்துவிட்டு, எழுத்துமூலம் பதில் தாருங்கள். போனில் சமாதானம் சொல்ல வேண்டாம். 15 நாளில் பதில் வராவிட்டால் 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிவு செய்வேன்.

ரசீது, ட்யூபின் இரு பக்கப் படங்கள், கையின் படம் இணைத்திருக்கிறேன். மிச்சமுள்ள ட்யூபும் பத்திரமாக இருக்கிறது.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்,
மதுரை