நீராவிக் குழாய் எங்கே மடங்க வேண்டும்? இயந்திரவியல் ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டப் பாலிடெக்னிக் கல்லூரிகளில் இயந்திரவியல் நடத்தும் ஆசிரியர்களுக்கு வணக்கம்.

நான் ராணிப்பேட்டை சிப்காட்டில் ஸ்டீம் லைன் வேலை செய்பவன். மேல்விஷாரம், ஆம்பூர், வாணியம்பாடி என்று தோல் தொழிற்சாலைகளில் பாய்லரிலிருந்து டிரையர் வரைக்கும் குழாய் இழுத்துக் கொடுப்பது எங்கள் பிழைப்பு. உங்கள் மாணவர்கள் வருடா வருடம் பயிற்சிக்கு எங்களிடம் வருகிறார்கள். நல்ல பிள்ளைகள். நீராவி வேலை செய்யும் ரேங்கின் சுழற்சியை வரையச் சொன்னால் கண்ணை மூடிக்கொண்டு வரைந்துவிடுகிறார்கள். ஆனால் ஒரு லைனைக் காட்டி, குழாயை அசையாமல் பிடிக்கும் ஆங்கர் எங்கே வர வேண்டும், நேராக மட்டும் நகரவிடும் கைடு எங்கே வர வேண்டும் என்று கேட்டால் கூரையைப் பார்க்கிறார்கள். போன வருடம் வந்த ஒரு பையன், குழாய் சூட்டில் நீள இடம் கொடுக்கும் வளைவான எக்ஸ்பான்ஷன் லூப்பைக் காட்டி, "அண்ணா, இதை நேரா போட்டிருந்தா நாலு எல்போ மிச்சமாகியிருக்குமே?" என்றான். கேள்வியில் தப்பில்லை. அவனுக்கு அதுவரை யாரும் சொல்லித்தரவில்லை, அவ்வளவுதான்.

இறுதியாண்டில் ஒரே ஒரு மதியம் ஒதுக்கி, ஆர்ட்டிகுலேட்டட் (சக்கரத் தொகுதி தனியாகத் திரும்பும்) நீராவி ரயில் இன்ஜின்களில் பாய்லரிலிருந்து சிலிண்டருக்கு நீராவி எப்படிப் போனது என்பதை அவர்களுக்கு நடத்துங்கள். இதைக் கேட்கத்தான் எழுதுகிறேன்.

"செத்துப்போன இன்ஜினை எதற்கு நடத்த வேண்டும்?" என்பீர்கள். இன்ஜின் போய்விட்டது, நீராவி போகவில்லை. நம் மாவட்டங்களில் இன்றைக்கும் எத்தனை பாய்லர் எரிகிறது என்று உங்களுக்கே தெரியும். தொழிற்சாலைக் குழாயில் சூட்டால் நீளும் தொல்லை மட்டும்தான். சதுர செ.மீ.க்கு 7 கிலோ அழுத்தத்தில் நீராவியின் வெப்பம் சுமார் 170 டிகிரி. 30 மீட்டர் இரும்புக் குழாய் அந்தச் சூட்டுக்கு ஏறும்போது சுமார் 50 மி.மீ. நீளும். ரயில் இன்ஜினில் இந்த நீட்சியோடு அதிர்வும் உண்டு. ஆர்ட்டிகுலேட்டட் இன்ஜினிலோ, நீராவியைக் கொடுக்கும் பாய்லர் ஒரு பக்கம் பார்க்க, வாங்கும் சிலிண்டர் இன்னொரு பக்கம் திரும்பும். குழாய்க்கு இதைவிடக் கடுமையான பரீட்சை கிடையாது. அதில் தேறியவர்கள் எப்படித் தேறினார்கள் என்று பார்த்தாலே எங்கள் லைன் வேலையின் பாதிப் பாடம் முடிந்துவிடும்.

நிறையச் சக்கரம் இருந்தால் எடை பரவும், இழுவை கூடும். ஆனால் எல்லாச் சக்கரத்தையும் ஒரே சட்டகத்தில் வைத்தால் வளைவில் திரும்பாது. அதனால் சக்கரங்களை இரண்டு தொகுதியாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் தனிச் சிலிண்டர் கொடுத்து, தொகுதி தானாகத் திரும்பும்படி வைத்தார்கள். ராபர்ட் ஃபேர்லி 1864-இல் காப்புரிமை வாங்கிய இன்ஜினில் இரண்டு தொகுதியுமே திரும்பின. வேல்ஸ் நாட்டின் ஃபெஸ்டினியாக் குறுகிய பாதைக்கு 1869-இல் வந்த 'லிட்டில் ஒண்டர்' அந்த வகைதான். வளைவில் அழகாகப் போகும். ஆனால் பாய்லரின் முழு அழுத்த நீராவியை இரண்டு பக்கமும் அசையும் மூட்டு வழியாகத்தான் அனுப்ப வேண்டும். மூட்டில் ஒழுகாமல் அடைக்கும் அந்தக் காலத்துப் பேக்கிங் அதைத் தாங்கவில்லை. மூட்டில் ஒழுகுகிறது என்பது ஃபேர்லி இன்ஜின்களைப் பற்றிய ஓயாத புகார்.

அடுத்து வந்தவர் அனத்தோல் மாலே. அவருடைய 1884 காப்புரிமையை மாணவர்கள் முன் விரித்து வையுங்கள் என்பேன். பின்தொகுதியைப் பாய்லரோடு சேர்த்து இறுக்கிவிட்டார், அது திரும்பாது. முன்தொகுதி மட்டும் கீல் வைத்துத் திரும்பும். பாய்லர் நீராவி முதலில் பின்தொகுதியின் சிறிய சிலிண்டர்களுக்கு வரும், அந்த வழி முழுக்க அசையாத குழாய். அங்கே பாதி வேலை செய்து அழுத்தம் இறங்கிய நீராவிதான் முன்தொகுதியின் பெரிய சிலிண்டர்களுக்குப் போகும். அசையும் மூட்டைத் தாண்டிப் போவது இந்த இளைத்த நீராவி மட்டும்தான். ஒரே நீராவியை இப்படி இரண்டு முறை வேலை வாங்கும் காம்பவுண்டு முறையை எரிபொருள் மிச்சத்துக்காக எல்லோரும் பாராட்டுவார்கள். எனக்கு அதைவிடப் பெரிதாகத் தெரிவது, எந்த நீராவி எந்தக் குழாயில் போக வேண்டும் என்று மனிதர் வரிசைப்படுத்திய விதம்.

இங்கே மாணவர்களைக் கணக்குப் போட வையுங்கள். 14 பார் முற்றழுத்தத்தில் (வெளிக்காற்றின் 1 பாரையும் சேர்த்த கணக்கு) ஒரு கிலோ நீராவி சுமார் 0.14 கனமீட்டர் இடம் பிடிக்கும். 4 பாருக்கு இறங்கினால் 0.46 கனமீட்டர். அதே வேகத்தில் ஓட வேண்டுமானால் குழாயின் வாய்ப் பரப்பு மூன்று மடங்குக்கு மேல் தேவை. 12 செ.மீ. குழாய் 22 செ.மீ. ஆகிவிடும். அழுத்தம் குறைந்ததால் மூட்டைப் பிரித்துத் தள்ளும் விசையும் அதே அளவுக்குக் குறைந்திருக்கும் என்று பிள்ளைகள் நினைப்பார்கள். வெளிக்காற்றின் 1 பாரைக் கழித்துவிட்டு, அழுத்தத்தையும் பரப்பையும் பெருக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். முதல் குழாயில் சுமார் 1,500 கிலோ, இரண்டாவதில் சுமார் 1,140 கிலோ. கால் பங்குதான் குறைந்தது! மாலேவுக்குக் கிடைத்த லாபம் வேறு இடத்தில் இருக்கிறது. 195 டிகிரி நீராவிக்குப் பதில் 144 டிகிரி நீராவி, அதனால் பேக்கிங் நாள்பட உழைக்கும். கொஞ்சம் ஒழுகினாலும் போவது ஏற்கெனவே பாதி வேலை முடித்த நீராவி. தள்ளுவிசையை மட்டும் சட்டகத்தில் ஆங்கர் போட்டுத்தான் பிடித்தாக வேண்டும், தப்பிக்க வழியில்லை.

இதைத் தெரியாமல் போட்ட ஒரு லைனை நான் பார்த்திருக்கிறேன். எங்கள் பக்கத்து ஒரு தோல் தொழிற்சாலை, பெயர் வேண்டாம். லூப் போட இடமில்லை என்று 4 இஞ்ச் லைனில் நீட்சியை வாங்கும் மடிப்புக் குழாயான பெல்லோஸ் ஒன்றை வாங்கி மாட்டியிருந்தார்கள், இரண்டு பக்கமும் ஆங்கர் இல்லாமல், மடிப்பு பிரியாமல் பிடிக்கும் டை ராடும் இல்லாமல். விலை உயர்ந்த பெல்லோஸ்தான், அதில் குறையில்லை. மெயின் வால்வைத் திறந்தபோது 700 கிலோவுக்குக் குறையாத விசை அதை இரண்டு பக்கமும் இழுத்தது. அக்கார்டியன் மடிப்புகள் ஒவ்வொன்றாகப் பிரிந்து நேராகிக்கொண்டே போக, கடைசி எல்போ சப்போர்ட்டை விட்டு ஒரு சாண் எழும்பி நின்றது. ஆபரேட்டர் வால்வை மூடிவிட்டார், யாருக்கும் காயமில்லை. பார்க்க வந்த இன்ஜினியர் பெல்லோஸ் டூப்ளிகேட் என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். அதற்கு மேல் நான் என்ன சொல்ல!

மாலேயின் இன்னொரு விஷயம், மூட்டை எந்த இடத்தில் வைத்தார் என்பது. கதவில் காலிங் பெல் பொருத்துகிறவர் ஒயரைக் கீல் பக்கமாகத்தான் கொண்டுபோவார், கைப்பிடிப் பக்கமாகக் கொண்டுபோக மாட்டார். அதே நியாயம்தான். முன்தொகுதி 5 டிகிரி திரும்புகிறது என்று வையுங்கள். கீலிலிருந்து 10 செ.மீ. தள்ளி இருக்கும் குழாய் 9 மி.மீ. நகரும். 1 மீட்டர் தள்ளி இருந்தால் 87 மி.மீ. ஆகவே எந்தப் பக்கமும் திரும்பும் பந்து மூட்டைக் கீலுக்கு நேராகவோ ஒட்டினாற்போலோ வைத்தார்கள். நகர்வு அநேகமாகச் சுழற்சியாக மாறிவிடும், மிச்சமிருக்கும் கொஞ்ச நீட்சியை மறுமுனையில், குழாய்க்குள் குழாய் வழுக்கும் ஒரு ஸ்லிப் ஜாயின்ட் வாங்கிக்கொள்ளும். கழிவு நீராவிக் குழாய்க்கு இந்தச் சலுகை கிடைக்கவில்லை. அது முன் சிலிண்டரிலிருந்து, பாய்லரின் முன்முனையில் புகைபோக்கிக்கு அடியில் இருக்கும் ஸ்மோக் பாக்ஸுக்கு ஏற வேண்டும். அந்த இடமோ கீலிலிருந்து வெகு தூரம், வளைவில் பாய்லரின் மூக்கு வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். அதனால் அங்கே மேலும் கீழும் பந்து மூட்டு, நடுவில் ஸ்லிப் ஜாயின்ட். அழுத்தம் சொற்பம்தானே என்று அசட்டையாக விட முடியாது. ஸ்மோக் பாக்ஸுக்குள் ஒழுகினால் வெற்றிடம் கெட்டு, தீக்குக் காற்று இழுக்காது. பிறகு பாய்லரில் நீராவியே ஏறாது.

பின்சிலிண்டரிலிருந்து முன்சிலிண்டருக்குப் போகும் இடைக் குழாய் தானாகச் செய்த ஒரு வேலையையும் சொல்ல வேண்டும். பின்சக்கரங்கள் வழுக்கிச் சுற்றினால் இடைக் குழாயில் நீராவி குவிந்து எதிரழுத்தம் ஏறும், வழுக்கல் அடங்கும். முன்சக்கரங்கள் வழுக்கினால் இடைக் குழாய் காலியாகி அழுத்தம் விழும், அதுவும் அடங்கும். வால்வு கிடையாது, கன்ட்ரோலர் கிடையாது. ஃபீட்பேக் பற்றி நடத்தும் ஆசிரியர்களும் இதை எடுத்துக்கொள்ளலாம். புறப்படும்போது மட்டும் முன்சிலிண்டர் வெறுமையாக இருக்கும் என்பதால், பாய்லர் நீராவியை அழுத்தம் குறைத்துக் கொஞ்சம் நேராக அனுப்ப ஒரு தனி வால்வு தேவைப்பட்டது.

பிறகு அமெரிக்காவில் காம்பவுண்டை விட்டு, முழு அழுத்தத்தையே முன்தொகுதிக்கும் கொண்டுபோனார்கள். யூனியன் பசிபிக்கின் 'பிக் பாய்' 1941-இல் வந்தது. 25 இன்ஜின்கள், அழுத்தம் 300 பிஎஸ்ஐ, அதாவது சுமார் 21 கிலோ. மூட்டும் பேக்கிங்கும் அதற்குள் தேறியிருந்தன. அவற்றில் 4014 என்ற இன்ஜின் 2019-இல் மறுபடி ஓட்டத்துக்கு வந்தது. அதே நாட்டில் நார்ஃபோக் அண்டு வெஸ்டர்ன் கம்பெனி 1952 வரைக்கும் காம்பவுண்டு மாலேக்களையே கட்டிக்கொண்டிருந்தது. என் மனது இவர்கள் பக்கம்தான்.

கேரட் (Garratt) என்ற இன்னொரு ஆர்ட்டிகுலேட்டட் வகையை நம் மாணவர்கள் நேரிலேயே பார்க்கலாம். பெங்கால் நாக்பூர் ரயில்வேயின் என் வகுப்பு கேரட் ஒன்று டெல்லி ரயில் அருங்காட்சியகத்தில் நிற்கிறது. நடுவில் பாய்லர், முன்னும் பின்னும் திரும்பும் தொகுதிகள். இரண்டுமே திரும்புவதால் மாலேயின் தந்திரம் செல்லாது, இரண்டு பக்கமும் மூட்டு வேண்டும். 1909-இல் டாஸ்மேனியாவுக்குப் போன முதல் கேரட்டில் சிலிண்டர்களை உட்பக்கமாக வைத்தார்கள். குழாய் நீளம் குறைந்தது, ஆனால் டிரைவர் நிற்கும் தட்டுக்கு அடியிலேயே சிலிண்டர் கொதித்தது. பிறகு சிலிண்டர்களை வெளிமுனைகளுக்குத் தள்ளினார்கள், குழாய் நீண்டது. நீண்ட குழாய்க்குச் சூடு காக்கும் லாகிங் உறை கூடுதல், வடிகாலும் கூடுதல். நின்ற குழாயில் தேங்கிய தண்ணீரை வடிக்காமல் நீராவியைத் திறந்துவிடும் ரெகுலேட்டரைத் திறந்தால் என்ன ஆகும் என்பதை, தண்ணீர் குழாயில் மோதும் வாட்டர் ஹேமர் சத்தத்தைக் கேட்ட எந்த பாய்லர் ஆபரேட்டரும் சொல்வார். அப்படியும் பேயர் பீக்காக் (Beyer Peacock) கம்பெனி ஆயிரத்துக்கு மேற்பட்ட கேரட்களைக் கட்டியது என்றால், அந்த மூட்டுகளை எவ்வளவு ஒழுங்காகக் கடைந்திருக்க வேண்டும்!

ஷே (Shay) என்ற இன்னொரு வகை இன்ஜினை ஒரு நிமிடத்தில் சொல்லி முடிக்கலாம். அதில் குழாயைத் தொடவே இல்லை. சிலிண்டரைப் பாய்லர் பக்கத்திலேயே நிறுத்தி, சுழலும் தண்டில் யுனிவர்சல் ஜாயின்ட் போட்டுச் சக்கரத்துக்கு அனுப்பிவிட்டார்கள். மலையில் மரம் இழுக்கப் போதும், வேகம் வராது.

டெல்லி தூரம் என்றால் காட்பாடியில் நீலகிரி எக்ஸ்பிரஸ் ஏற்றுங்கள். மேட்டுப்பாளையம் - குன்னூர் பாதையின் எக்ஸ் வகுப்பு இன்ஜின் ஆர்ட்டிகுலேட்டட் கிடையாது, குழாயில் அசையும் மூட்டும் இல்லை. ஆனால் மாலேயின் பாதி யோசனை அதில் உயிரோடு இருக்கிறது. பல்சக்கரப் பாதையில் ஏறும்போது உயர் அழுத்தச் சிலிண்டரின் கழிவு, பல்சக்கரத்தைச் சுற்றும் தாழ் அழுத்தச் சிலிண்டருக்குப் போகும். சமதளத்தில் அப்படியே புகைபோக்கிக்குப் போய்விடும். ஸ்டேஷனில் நிற்கும்போது வெளியில் தெரியும் குழாய்களைப் பார்த்து எந்த நீராவி எதில் என்று மாணவர்களைச் சொல்லச் சொல்லுங்கள். தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856-இல் ராயபுரத்திலிருந்து நம் வாலாஜா ரோடுக்குத்தான் வந்தது. அந்த மண்ணின் பிள்ளைகள் ஒரு நீராவி இன்ஜினைப் பார்க்கக் குன்னூர் வரை போக வேண்டியிருக்கிறது என்ற வருத்தம் எனக்கு உண்டு, அது வேறு கதை.

செய்முறைக்கு என் யோசனை: இரண்டு ஆங்கிள் சட்டகம், நடுவில் ஒரு கீல், 1 இஞ்ச் குழாய், ஒரு பந்து மூட்டு, ஒரு ஸ்லிப் ஜாயின்ட். நீராவி வேண்டாம், உங்கள் ஒர்க்ஷாப் கம்ப்ரசர் காற்று போதும். 2 கிலோவுக்கு மேல் ஏற்றாதீர்கள், அதிலேயே ஸ்லிப் ஜாயின்ட் 10 கிலோவுக்கு மேற்பட்ட விசையோடு பிரியப் பார்க்கும். முதலில் மூட்டைக் கீலுக்கு நேராக வைத்துச் சட்டகத்தைத் திருப்பட்டும். பிறகு ஒரு முழம் தள்ளி வைத்துத் திருப்பட்டும். இரண்டு முறையும் சோப்பு நுரை தடவி, எங்கே குமிழி விடுகிறது என்று எழுதிக்கொள்ளட்டும். ஆங்கரைக் கழற்றிவிட்டு ஒருமுறை செய்தால் இன்னும் நல்லது, ஆனால் எல்லோரும் தள்ளி நிற்க வேண்டும், ஸ்லிப் ஜாயின்ட்டைச் சங்கிலியால் கட்டியிருக்க வேண்டும்.

குழாய், ஆங்கிள் வெட்டுத் துண்டுகள் எங்கள் ஷெட்டில் நிறையக் கிடக்கின்றன. வண்டி அனுப்பினால் ஏற்றி விடுகிறேன், காசு வேண்டாம். பந்து மூட்டு மட்டும் தர மாட்டேன். கேட்டு வாங்கிவிட்டால் மாணவர்களுக்குப் பயனில்லை, அதை உங்கள் லேத்தில் அவர்களே கடைந்து, கிரைண்டிங் பேஸ்ட் போட்டுத் தேய்த்துப் பொருத்தட்டும். ஒழுகினால் மறுபடி தேய்க்கட்டும்.

இப்படிக்கு,
ராணிப்பேட்டை சிப்காட்டிலிருந்து ஒரு பைப் ஃபிட்டர்