அல்லேலூயா ஒரு பன்மைச் சொல்

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். போன வாரம் போனில் நீ கேட்டது மனத்தைவிட்டுப் போகவில்லை. "கடவுளுக்கு நம் புகழ்ச்சி எதற்கு? துதித்தே ஆகவேண்டும் என்றாலும் என் அறையில் உட்கார்ந்து துதித்தால் அவருக்குக் கேட்காதா?" என்றாய். அம்மா பக்கத்தில் நின்றதால் பேச்சை மாற்றிவிட்டேன். உன் கேள்வியில் தப்பில்லை. பதில் சொல்லாமல் நழுவியதுதான் தப்பு.

கேட்காமல் என்ன, கேட்கும். அறைக்குள் போய்க் கதவைப் பூட்டி ஜெபிக்கச் சொன்னவரே இயேசுதான். கடவுளுக்குப் புகழ்ச்சி எதற்கு என்பதற்கு வேதாகமத்தின் சங்கீதப் புத்தகமே பதில் வைத்திருக்கிறது. "நான் பசியாயிருந்தால் உனக்குச் சொல்லேன்" என்று 50ஆம் சங்கீதத்தில் ஆண்டவர் பேசுகிறார். நாம் படைத்துப் பசியாறுகிறவர் அல்ல அவர். நம் பாட்டில்லாமல் அவருக்கு ஒரு குறையும் இல்லை. குறை நமக்குத்தான்.

அப்பாவை அடக்கம் செய்த அடுத்த ஞாயிறு உனக்கு நினைவிருக்காது. விடுப்பு முடிந்து நீ போய்விட்டாய். நான் அம்மாவைக் கூட்டிக்கொண்டு கோயிலுக்குப் போனேன். அன்று வாசித்தது 42ஆம் சங்கீதம். வழக்கம்போல போதகர் ஐயர் ஒரு வசனம், சபையார் ஒரு வசனம். "இரவும் பகலும் என் கண்ணீரே எனக்கு உணவாயிற்று" என்று ஐயர் வாசித்து நிறுத்தினார். அடுத்தது எங்கள் முறை. எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. அம்மாவின் விரல் வசனத்தின்மேல் இருந்தது, உதடு அசையவில்லை.

ஆனாலும் வசனம் நிற்கவில்லை. பின்னாலிருந்து ஒரு பாட்டி, கண் தெரியாதவர், மனப்பாடமாக எல்லோரையும் முந்திக்கொண்டு சொன்னார். முன்வரிசையில் ஒரு சிறுவன் எழுத்துக்கூட்டி எல்லோருக்கும் பிந்தி வந்தான். "கூட்டத்தின் களிப்பும் துதியுமான சத்தத்தோடே தேவாலயத்திற்குப் போய்வருவேனே." எங்கள் இரண்டு பேர் பங்கையும் சேர்த்து அவர்கள் வாசித்தார்கள். கடைசி வசனத்தை எல்லோருமாகச் சொன்னோம். "நான் இன்னும் துதிப்பேன்" என்ற இடத்தில், அந்த 'இன்னும்' என்ற சொல்லில், அம்மாவின் குரல் கேட்டது. கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல இருந்தது. அடக்கத்துக்குப் பிறகு அவள் அழாமல் சொன்ன முதல் வார்த்தை அதுதான்.

அந்தச் சங்கீதக்காரனும் உன்னைப்போலத் தூரத்தில் இருந்தவன்தான். எருசலேமுக்கு வெகு வடக்கே, எர்மோன் மலைப்பக்கம். அங்கே அவன் ஜெபிக்காமல் இல்லை. அந்தச் சங்கீதமே ஜெபம்தானே. என்றாலும் ஜனங்களோடு சேர்ந்து நடந்த நாட்களை நினைத்து உள்ளம் உருகுகிறான்.

சங்கீதப் புத்தகத்துக்கு எபிரெயத்தில் 'தெஹில்லீம்' என்று பெயர். துதிகள் என்று பொருள். துதிகள் என்று பெயர் வைத்த புத்தகத்தின் 150 பாடல்களில் எத்தனை அழுகை, எத்தனை முறையீடு! "எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்" என்று ஆண்டவரையே கேட்கிறது 13ஆம் சங்கீதம். 88ஆம் சங்கீதம் கடைசி வரி வரைக்கும் விடியாமலே முடிகிறது. அதையும் துதிகளோடுதான் சேர்த்துக் கட்டினார்கள். ஆகையால், மனம் கசந்திருக்கும்போது கோயிலுக்கு எப்படி வருவது என்று தயங்காதே. உன் கசப்பைச் சொல்லவும் அங்கே வார்த்தை இருக்கிறது.

இன்னொன்று. அல்லேலூயா என்று நாம் ஆயிரம் முறை சொல்லியிருப்போம். 'ஹல்லேலு' என்பது பன்மை ஏவல்: துதியுங்கள். 'யா' என்பது கர்த்தரின் பெயரின் சுருக்கம். தனியறையில் சொன்னாலும் அந்தச் சொல் பக்கத்தில் ஆளைத் தேடும்.

இயேசுவும் அப்படித்தான். காட்டிக்கொடுக்கப்பட்ட இரவில் சீஷர்களோடு ஸ்தோத்திரப்பாட்டைப் பாடிவிட்டுத்தான் ஒலிவமலைக்குப் புறப்பட்டார். பஸ்கா பண்டிகை இரவில் 113 முதல் 118 வரையுள்ள சங்கீதங்களைப் பாடுவது யூதர்களின் வழக்கம். மறுநாள் சிலுவையில் அவர் வாயில் வந்தது 22ஆம் சங்கீதத்தின் முதல் வரி, "என் தேவனே, என் தேவனே, ஏன் என்னைக் கைவிட்டீர்?" அதே சங்கீதத்தை 22ஆம் வசனம் வரைக்கும் வாசித்துப் பார். "சபைநடுவில் உம்மைத் துதிப்பேன்" என்று இருக்கிறது. கைவிடப்பட்டவன் வந்து சேருகிற இடம் சபை.

கொரோனாவில் 2020இல் கோயில் பூட்டிக் கிடந்தபோது நாங்களும் போனில்தான் ஆராதனை பார்த்தோம். அதைக் குறை சொல்ல மாட்டேன்; அன்றைக்கு அதுதான் எங்களுக்குக் கைகொடுத்தது. ஆனால் போனில் நீ வாசிக்காவிட்டாலும் உன் வசனம் ஓடிவிடும். இங்கே நீ வாசிக்காவிட்டால் ஒரு குரல் குறையும். அன்றைக்கு வாய் திறக்க முடியாமல் யார் வந்து உட்கார்ந்திருப்பார்களோ, நமக்கு என்ன தெரியும்?

அறுப்பின் பண்டிகைக்கு வருகிறேன் என்று சொல்லியிருக்கிறாய். ஞாயிறு அதிகாலையில் பஸ் வந்துவிடும். குளித்துவிட்டு, கோயிலில் இரண்டாம் மணி அடிக்கும்போது வீட்டிலிருந்து கிளம்பினால் போதும். அப்பாவின் வேதாகமத்தை அம்மா உனக்கென்று எடுத்து வைத்திருக்கிறாள். பெரிய எழுத்து, இரண்டு பேர் சேர்ந்து பார்க்கலாம்.

அன்புடன்,
அக்கா