செவ்வாய், வியாழன், சனிக்கிழமைகளில் என்னைத் தாங்கியவர்களுக்கு

கர்த்தருக்குள் பிரியமானவர்களுக்கு ஸ்தோத்திரம். மற்ற நண்பர்களுக்கு வணக்கமும் ஸலாமும்.

ஒவ்வொரு வீட்டுப் படியும் ஏறி நேரில் சொல்ல வேண்டிய நன்றி இது. கால் வீக்கமும் மூச்சிரைப்பும் விடமாட்டேன் என்கின்றன, கண்ணும் மங்கிக்கொண்டு வருகிறது. நான் சொல்லச் சொல்ல மகள் எழுதுகிறாள். எழுத்துப் பிழை இருந்தால் அவள் கணக்கு.

சர்க்கரை பல வருஷமாகச் சத்தமில்லாமல் தின்றதில் இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன. சிறுநீரக மாற்று சிகிச்சையை என் இருதயம் தாங்காது என்று டாக்டர் தெளிவாகச் சொல்லிவிட்டார். ஆக, வாரம் மூன்று நாள், தடவைக்கு நாலு மணி நேரம், எந்திரத்தில் இரத்தத்தைச் சுத்தம் பண்ணுகிற டயாலிசிஸ். இருக்கிறவரைக்கும் இதுதான்.

முதல் நன்றி டயாலிசிஸ் அறை சிஸ்டர்களுக்கு. இடது கையில் தமனியையும் சிரையையும் சேர்த்துத் தைத்து ஃபிஸ்டுலா போட்டிருக்கிறார்கள். விரல் வைத்தால் உள்ளே 'கிர்ர்' என்று ஓடுவது தெரியும். அந்த ஓட்டம் நின்றால் என் கதை சிக்கல். அதனால் உள்ளே வந்ததும் சிஸ்டர் என் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் கையைத்தான் தொட்டுப் பார்ப்பார். இரத்தம் வெளியே போக ஒன்று, திரும்பி வர ஒன்று என்று இரண்டு தடித்த ஊசி. குத்துவதற்கு முன்னால் "அண்ணாச்சி, பேரன் என்ன படிக்கான்?" என்று கேட்பார். நான் பதில் சொல்லி முடிப்பதற்குள் ஊசி ஏறியிருக்கும். அவன் என்ன படிக்கிறான் என்பது அவருக்கு நன்றாகவே தெரியும்.

நான் பார்த்தே இராத ஒருவருக்கும் நன்றி சொல்ல வேண்டும். டெக்னீஷியன் தம்பிதான் அந்தக் கதையைச் சொன்னார். 1943இல், ஜெர்மன் படை பிடித்துவைத்திருந்த நெதர்லாந்தில், வில்லெம் கோல்ஃப் என்ற டாக்டர் இறைச்சி அடைக்கிற செலோபேன் குழாயைச் சுற்றி நடைமுறைக்கு உதவும் முதல் டயாலிசிஸ் எந்திரத்தைச் செய்தாராம். ஆரம்பத்தில் அதில் படுத்தவர்கள் ஒருவர் பின் ஒருவராக இறந்தார்கள். 1945இல்தான் ஒரு பெண்மணி பிழைத்து எழுந்தார். அத்தனை சாவைப் பார்த்தும் அந்த மனிதர் விடவில்லை. இதைக் கேட்ட நாளிலிருந்து எந்திரத்தில் படுத்ததும் அவருக்காகவும் ஒரு ஸ்தோத்திரம் சொல்கிறேன்.

பக்கத்துக் கட்டில் பாய்க்கு என்ன சொல்ல? ஒருநாள் பிரஷர் இறங்கி எனக்குக் கண் இருட்டிவிட்டது. வாய் திறந்து கூப்பிடத் தெம்பில்லை. பாய்தான் சத்தம் போட்டு சிஸ்டரை வரவழைத்தார். சிஸ்டர் கட்டிலின் தலைமாட்டை இறக்கி, சலைன் ஏற்றி, நான் தெளிகிறவரைக்கும் பாய் துஆ ஓதிக்கொண்டே இருந்தார். என் உயிருக்காக முதலில் ஜெபம் கேட்ட குரல் அவருடையது. எங்கள் சபையார் கோபித்துக்கொள்ளக் கூடாது.

சபை என்றதும் எங்கள் போதகர் ஐயரவாள். நான் பிறந்ததிலிருந்தே கிறிஸ்தவன். ஆனால் கிறிஸ்துமஸ், கல்யாணம், அசன விருந்து தவிர கோயில் பக்கம் தலை வைத்ததில்லை. நோய் வந்ததும் பலர் வந்தார்கள். "விசுவாசம் பத்தாது, அதான் சுகம் வரலை" என்றார் ஒருவர். டயாலிசிஸை விட்டுவிட்டு உபவாசம் இரு என்றார் இன்னொருவர். இருந்திருந்தால் இந்த மடலை என் மகள் வேறு மாதிரி எழுதியிருப்பாள். ஐயரவாள் அப்படி எதுவும் சொல்லவில்லை. நாற்காலியைக் கட்டிலுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு, கொரிந்தியருக்கு எழுதின இரண்டாம் நிருபத்தில் பன்னிரண்டாம் அதிகாரம் வாசித்தார். தன் மாம்சத்தில் குத்திய முள்ளை எடுத்துவிடும்படி பவுல் மூன்று தரம் வேண்டியும் முள் நீங்கவில்லை. "என் கிருபை உனக்குப்போதும்" என்றுதான் பதில் வந்தது. சின்ன வயசில் ஓய்வுநாள் பாடசாலையில் இதை மனப்பாடம் செய்து எவர்சில்வர் டம்ளர் பரிசு வாங்கியவன் நான். முள் நீங்கவில்லை என்பது அன்றைக்குத்தான் காதில் விழுந்தது.

விசுவாசம் எந்த நாளில் வந்தது என்று கேட்டால் சொல்லத் தெரியாது. முன்பெல்லாம் படுத்ததும் "ஏன் எனக்கு?" என்று தொடங்கும். இப்போது ஆட்கள் முகம் முகமாக வருகிறார்கள், அவர்களுக்காகத் துதிக்கவே நேரம் போய்விடுகிறது.

வீட்டுக்குத் திருவிருந்து கொண்டுவரும்போது ஐயரவாள் அப்பத்தைத் திராட்சரசத்தில் தோய்த்துத்தான் தருகிறார். மாத்திரை விழுங்கும் மடக்குத் தண்ணீரையும் சேர்த்து நாளைக்கு ஒரு லிட்டருக்குள் அடக்க வேண்டியவனுக்கு அந்தக் கரிசனம் பெரிது. நான் கேட்டு அவர் செய்ததில்லை.

காப்பீட்டு அட்டைக்காகக் கலெக்டர் ஆபீசுக்கு நடையாய் நடந்த தம்பிக்கும், விடியற்காலையில் ஒரு நாளும் பிந்தாத ஆட்டோக்காரருக்கும், ஹீமோகுளோபின் இறங்கியபோதெல்லாம் இரத்தம் கொடுத்த வாலிபர் சங்கப் பிள்ளைகளுக்கும் நன்றி. அப்புறம் என் வீட்டுக்காரி. உருளைக்கிழங்கை நறுக்கித் தண்ணீரில் ஊறப்போட்டு, அதை வடித்துவிட்டு வேறு தண்ணீரில் வேகவைத்து, எனக்கு ஆகாத பொட்டாசியத்தை இறக்கி, உப்பில்லாமல் சமைத்து, அதே சோற்றைத் தானும் சாப்பிடுகிறாள். இதை எழுத வேண்டாம் என்று அடுப்படியிலிருந்து சத்தம் வருகிறது. எழுது, பிள்ளை.

பெண்கள் ஐக்கிய சங்கத்துச் சகோதரிகளுக்கு நன்றியோடு ஒரு விண்ணப்பம். சனிக்கிழமை எங்கள் அறைக்குப் புதிதாக ஒரு பையன் வருகிறான், கல்லூரி வயசு. ஊர் தூரம். துணைக்கு வருகிற அம்மாவுக்கு இங்கே யாரையும் தெரியாது, மத்தியானம் வரை பன்னும் டீயுமாக வராந்தாவில் உட்கார்ந்திருக்கிறார். எனக்கு அனுப்புகிற சாப்பாட்டுக் கூடையை இனி அவர்களுக்கு அனுப்புங்கள். பையனுக்கும் உப்பு குறைவுதான், வாழைப்பழம் வேண்டாம். அம்மாவுக்கு மட்டும் ஊறுகாய் தனியாக வையுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் அண்ணாச்சி,
பாளையங்கோட்டை