பிளஸ் டூ கணித ஆசிரியர்களுக்கு, அந்தக் கடைசிப் பாடத்தைப் பற்றி

ஐயா, அம்மா, வணக்கம்.

கல்லூரியில் கம்ப்யூட்டர் சயன்ஸ் முதலாண்டுக்குத் தனிநிலைக் கணிதம் எடுக்கிறேன். நீங்கள் அனுப்பிவைக்கும் பிள்ளைகள், கூற்றுகள் மெய்யா பொய்யா என்று எல்லா வாய்ப்பையும் வரிசையாக எழுதும் மெய் அட்டவணையைக் கண்ணை மூடிக்கொண்டு போடுகிறார்கள். மூன்று கூற்று என்றால் எட்டு வரிசை, பிசகுவதே இல்லை. ஆனால் 'இது எனில் அது' என்ற வாக்கியத்தில் முன்கூற்று, அதாவது 'எனில்'-க்கு முன்னால் வரும் பாதி, பொய்யாக இருக்கும்போது முழு வாக்கியம் எப்படி மெய்யாகிறது என்று கேட்டால், "புக்ல அப்படித்தான் சார் இருக்கு" என்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன், உங்களையும்தான். பிளஸ் டூ புத்தகத்தில் தனிநிலைக் கணிதம்தான் கடைசிப் பாடம், ரிவிஷன் நெருங்கும் நேரத்தில் அதற்கு எத்தனை பீரியட் மிஞ்சும் என்று எனக்கும் தெரியும்.

கிடைக்கிற நேரத்தில் ஒரு ஜவுளிக்கடையை வகுப்புக்குள் கொண்டுவாருங்கள். வாசலில் போர்டு: "2000 ரூபாய்க்கு மேல் வாங்கினால் கட்டைப்பை இலவசம்." ஒருவர் 2500-க்கு வாங்கினார், பை கொடுத்தார்கள், சரி. இன்னொருவரும் 2500-க்கு வாங்கினார், பை தரவில்லை. சண்டை வரும், போர்டு பொய். 300 ரூபாய்க்குத் துண்டு வாங்கியவருக்குப் பை இல்லை, அவர் சண்டை போட முடியுமா? கடைக்காரருக்கு வேண்டப்பட்டவர் என்று அந்தத் துண்டுக்காரருக்கே பை கொடுத்துவிட்டாலும் போர்டு பொய்யாகிவிடாது. நான்கு வரிசையில் சண்டை வருவது ஒன்றில்தான். இதை எழுதிப்போட்ட அன்று கடைசி பெஞ்சுப் பையன் ஒருவன், "பை வச்சிருக்கவன் எல்லாம் ரெண்டாயிரத்துக்கு வாங்கினவன்னு சொல்ல முடியாது சார், ஆனா பை கிடைக்காதவன் வாங்கலைன்னு சொல்லலாம், கடைக்காரன் ஏமாத்தலைன்னா" என்றான். மறுதலை, அதாவது இரண்டு பக்கத்தையும் இடம் மாற்றிப் போட்ட வாக்கியம், தானாக வராது, இரண்டு பக்கத்தையும் மறுத்துத் திருப்பிப் போட்டால் அதே கூற்றுதான் என்பதைப் பெயர் தெரியாமலே சொல்லிவிட்டான்.

அப்புறம், 'இதுவும் அதுவும்' என்பதை எப்படி மறுப்பது என்று சொல்லும் டி மார்கன் விதி. "டீயும் வடையும் வாங்கினேன்" என்பது பொய் என்றால், பாதி வகுப்பு "டீயும் வாங்கவில்லை, வடையும் வாங்கவில்லை" என்று எழுதுகிறது. ஏதோ ஒன்றை வாங்காமல் விட்டிருந்தாலே போதுமே! இதே தப்பை சி புரோகிராமின் இஃப் நிபந்தனையில் செய்துவிட்டு லேபில் மணிக்கணக்காகத் தேடுகிறார்கள். அந்த விதிக்குப் பெயர் தந்த அகஸ்டஸ் டி மார்கன் 1806-ல் பிறந்தது நம் மதுரையில், கைக்குழந்தையாக இருக்கும்போதே குடும்பம் இங்கிலாந்துக்குப் போய்விட்டது. இதற்கு மார்க் கிடையாதுதான், ஆனாலும் சொல்லுங்கள், தூங்குகிறவன் நிமிர்வான்.

யூனிட் டெஸ்டில் அட்டவணைக் கேள்வி ஒன்றைக் குறைத்துவிட்டு, "இந்த வாக்கியம் எப்போது பொய்யாகும், தமிழில் எழுது" என்று ஒரே ஒரு தடவை கேட்டுப் பாருங்கள். மீதியை நான் பார்த்துக்கொள்கிறேன்.